'ஹீ செட், ஷீ செட்' தாண்டி: உறவுச் சண்டைகளை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது எப்படி?

கொடிவேரி

வணக்கம். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதலாம் என்று சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது ஓடுவது உறவுகள் பற்றிய பாடம். புத்தகத்தில் இடது பக்கம் முழுக்க ஃப்ரேசல் வெர்ப் (வினையோடு 'அப்', 'அவுட்' மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது): ஃபால் அவுட், மேக் அப், ஸ்ப்ளிட் அப், புட் அப் வித், லுக் அப் டு, லெட் டவுன், டேக் ஆஃப்டர். வலது பக்கம் ரிப்போர்ட்டிங் வெர்ப் (ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வினை): அட்மிட், டினை, ரெஃப்யூஸ், அக்யூஸ், இன்சிஸ்ட், சஜெஸ்ட், அபாலஜைஸ். ஒவ்வொன்றாகக் கேட்டால் அர்த்தம் டக்கென்று சொல்லிவிடுவேன். "உங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லுங்கள்" என்று டீச்சர் கேட்டால் மட்டும் 'ஹீ செட், ஷீ செட், தென் ஹீ செட்' என்று அதற்குள்ளேயே சுற்றுகிறேன்.

இதை நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் செய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நைட்_ஷிப்ட்

நானும் இதே படகுதான் அக்கா. நான் எழுதப்போவது ஐஇஎல்டிஎஸ் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வு, ஆனால் ஸ்பீக்கிங்கில் குடும்பம், நண்பர்கள் என்று எதையாவது கேட்டுவிடுவார்கள்.

பி2 ஃபர்ஸ்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அதில் ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலிஷ் தாளின் நான்காம் பகுதியில் 6 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒரு சொல்லையும் கொடுத்து, அந்தச் சொல்லை மாற்றாமல் 2 முதல் 5 சொற்களுக்குள் அதே பொருள் வரும்படி எழுதச் சொல்வார்கள். 'டிட்ன்ட்' மாதிரிச் சுருக்கம் இரண்டு சொல்லாகக் கணக்கு. ரிப்போர்ட்டிங் வெர்ப்பும் ஃப்ரேசல் வெர்ப்பும் அவர்களுக்குப் பிடித்த தீனி.

பழைய_வாத்தியார்

அம்மா கொடிவேரி, உங்களுக்கு அர்த்தம் தெரியும், வால் தெரியவில்லை. வியாதி அவ்வளவுதான்.

நம் பள்ளிக்கூடத்தில் டைரக்ட், இன்டைரக்ட் என்று ஒரு பாடம் நடத்தினோம். நானும்தான் நடத்தினேன். 'டுமாரோ' வந்தால் 'த நெக்ஸ்ட் டே', 'ஹியர்' வந்தால் 'தேர்', ஆச்சரியக்குறி வந்தால் 'எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய்'. உலகத்தில் எந்த மனிதனும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் 'மை வைஃப் எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய் தட்' என்று பேசமாட்டான். அந்தப் பாடம் கணக்கு மாதிரி நடந்தது, பேச்சு மாதிரி நடக்கவில்லை. அதனால்தான் 'செட்', 'டோல்ட்', 'ஆஸ்க்டு' மூன்றையும் தாண்டி யாருக்கும் வாய் வருவதில்லை.

ரிப்போர்ட்டிங் வெர்ப்பைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதற்குப் பின்னால் தொங்குவதையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். 'ரெஃப்யூஸ்' என்று எழுதி வைக்காமல் 'ரெஃப்யூஸ்டு டு கம்' என்று எழுதுங்கள். 'டினைட் டேக்கிங் இட்'. 'அக்யூஸ்டு மீ ஆஃப் லையிங்'. 'பிளேம்டு மீ ஃபார் த பிரேக்அப்'. 'இன்சிஸ்டட் ஆன் பேயிங்'. 'வார்ன்டு மீ நாட் டு கோ'.

இதில் தமிழருக்கென்றே இரண்டு குழி இருக்கிறது. முதலாவது 'மறுத்தான்'. "வர மறுத்தான்" என்றாலும் நமக்கு மறுப்புதான், "பணம் எடுத்ததை மறுத்தான்" என்றாலும் மறுப்புதான். ஆங்கிலத்தில் முதலாவது ரெஃப்யூஸ், இரண்டாவது டினை. செய்யமாட்டேன் என்றால் ரெஃப்யூஸ், செய்யவில்லை என்றால் டினை. இரண்டாவது குழி 'ஒத்துக்கொண்டான்'. "கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டான்" என்றால் அக்ரீ. "பொய் சொன்னதை ஒத்துக்கொண்டான்" என்றால் அட்மிட். 'ஹீ அக்ரீட் தட் ஹீ லைட் டு ஹெர்' என்று எழுதினால், யாரோ அவன் பொய்யன் என்று சொல்ல, அவனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது போல இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரியாது.

முனீஸ்

வாத்தியார் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் தமிழ் வழியாகக் கொண்டுபோனால் கடைசிவரைக்கும் தலைக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஆங்கிலத் தொடர்களைப் பாருங்கள், சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், காதில் விழுந்து விழுந்து தானாக வரும். நான் அப்படித்தான் கற்றேன். 'கெட் அலாங் வித்' என்பதற்குத் தமிழில் என்ன என்று இன்றுவரை யோசித்ததே இல்லை.

சீரியல்_பைத்தியம்

முனீஸ் அண்ணா, யோசிக்கவே வேண்டாம், "ஒத்துப்போவது"தான் அது. இருக்கிற சொல்லை வைத்துக்கொண்டு ஏன் புதிதாகக் கஷ்டப்பட வேண்டும்?

எனக்கு ஒரு சின்ன விஷயம்தான் கதவைத் திறந்தது. சின்ன வயதில் நாம் "காய்" விடுவோம் இல்லையா? சுண்டு விரலை நீட்டி, "உன்கூட காய்". அப்புறம் சாயங்காலமே "பழம்" விடுவோம். ஃபால் அவுட் என்றால் காய், மேக் அப் என்றால் பழம். முடிந்தது. இரண்டையும் அதற்கப்புறம் மறந்ததே இல்லை. பெரியவர்கள் விஷயத்தில் "முறைச்சுக்கிட்டாங்க", "ராசியாகிட்டாங்க".

இப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். "கழட்டி விட்டுட்டான்" என்றால் டம்ப்டு ஹெர். "எடுத்தெறிஞ்சு பேசினான்" என்றால் ஸ்னாப்டு அட் ஹெர். "பழசைக் கிளறினாள்" என்றால் பிராட் அப் த பாஸ்ட். "அவன் அப்பனையே உரிச்சு வச்சிருக்கான்" என்றால் ஹீ டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர். நம் பேச்சிலும் வினையோடு இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டுதானே நிற்கிறது? விட்டுக்கொடுப்பது, கைவிடுவது, குத்திக்காட்டுவது, தலைமுழுகுவது. தலைமுழுகுவதற்கும் குளிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால் நாம் திருதிருவென்று முழிப்போம். அதே முழிதான் நமக்கு 'புட் அப் வித்' மேல்.

பேர்ன்_தம்பி

நான் சுவிசில் இருக்கிறேன். தொழிற்பள்ளியில் இந்தத் தேர்வை எழுதினேன். அப்போது பழைய பெயர்தான் வாயில் இருந்தது, எஃப்சிஇ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

எங்கட வீட்டில் காய், பழம் எல்லாம் சொல்வதில்லை. "அவையும் நாங்களும் கோவம்" என்று சொன்னால் போதும், இரண்டு குடும்பமும் கதைப்பதில்லை என்று விளங்கும். ஆங்கிலத்தில் அந்த நிலைக்கு 'நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்' என்பார்கள். ஃபால் அவுட் என்பது சண்டை வந்து முறிந்த அந்தத் தருணம். 'தே ஃபெல் அவுட் ஓவர் எ பீஸ் ஆஃப் லேண்ட்' என்று காரணத்தை 'ஓவர்' போட்டுச் சொல்லலாம். ஊரில் பாதிக் கதை காணிச் சண்டைதானே, இந்த ஒரு வசனம் எனக்கு நிறைய உதவியது.

எனக்குப் பெயர்ச்சொல் எங்கே வரும் என்ற குழப்பம் இருக்கவில்லை, ஏனென்றால் ஜெர்மனிலும் வினை பிரியும். 'ஆன்ரூஃபன்' என்றால் தொலைபேசியில் அழைப்பது, ஆனால் வசனத்தில் 'இஹ் ரூஃபெ டிஹ் ஆன்' என்று 'ஆன்' கடைசிக்குப் போய்விடும். 'லெட் மீ டவுன்' அதே மாதிரிதான். 'லெட் டவுன் மீ' என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். 'டர்ன்டு ஹிம் டவுன்', 'ஆஸ்க்டு ஹெர் அவுட்', 'லெட் ஹிம் ஆன்' எல்லாம் நடுவில் ஆள் உட்காரும் வகை. 'ஃபெல் ஃபார் ஹிம்', 'காட் ஓவர் ஹிம்', 'டேக்ஸ் ஆஃப்டர் ஹெர்' பிரியாத வகை. மூன்று துண்டாக இருப்பவற்றை, 'புட் அப் வித்', 'லுக் அப் டு', 'லுக் டவுன் ஆன்', இவற்றையெல்லாம் பிரிக்கவே கூடாது, ஆள் கடைசியில்தான்.

கொடிவேரி

தம்பி, இந்தப் பிரியும், பிரியாத விஷயம் வகுப்பில் ஒரு பெரிய அட்டவணையாகப் போட்டார்கள், தலை சுற்றியது. நீங்கள் சொன்னதும் புரிகிறது. 'லெட் ஹிம் ஆன்' என்றால் என்ன? லெட் டவுன் மாதிரி இன்னொரு லெட்டா?

பேர்ன்_தம்பி

இல்லை அக்கா, தமிழில் எழுதும்போது ஒரே மாதிரித் தெரிகிறது. இது 'லீட் ஆன்', அதன் இறந்தகாலம். ஒருவர் மேல் விருப்பம் இல்லாமலே இருக்கிற மாதிரிக் காட்டி நம்ப வைப்பது. "ஆசை காட்டி அலைய விட்டாள்" என்று சொல்லலாமா?

சீரியல்_பைத்தியம்

அது கச்சிதம். எல்லா சீரியலிலும் ஒரு வில்லி அதைத்தான் செய்வாள்.

இன்னொன்று, 'ஸ்டாண்ட்' குடும்பத்தைக் கவனியுங்கள். 'ஹீ ஸ்டுட் அப் ஃபார் மீ' என்றால் எனக்காகப் பரிந்து பேசினான். 'ஹீ ஸ்டுட் பை மீ' என்றால் கஷ்டத்தில் கூடவே நின்றான். 'ஹீ ஸ்டுட் மீ அப்' என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் என்னைக் காக்க வைத்து ஏமாற்றினான். மூன்றாவதை முதலாவது என்று நினைத்து நன்றி சொல்லிவிடாதீர்கள். அதேபோல சண்டைக்குப் பிறகு சேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு 'மேட் அப்'. அதை 'மேட் அவுட்' என்று சொல்லிவிட்டால் அமெரிக்கர்கள் சிரிப்பார்கள், அது முத்தக் காட்சி.

மட்டுறுத்துநர்

முத்தக் காட்சியோடு நிறுத்திக்கொண்டு பாடத்துக்கு வாருங்கள் 🙂

பழைய_வாத்தியார்

முனீஸ் தம்பிக்கு: காதில் விழ வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் காதில் விழுவது எல்லோருக்கும் நாவில் வருவதில்லை. வர வேண்டுமானால் நமக்கே சொல்லத் துடிக்கிற கதை ஒன்று வேண்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து வைக்கவில்லை என்ற சண்டை நடக்காத வீடு உண்டா? அதையே எடுத்துக்கொள்வோம். தமிழில் யார் என்ன சொன்னார்கள் என்று முதலில் அப்படியே எழுதுங்கள்.

மாமா: "வாட்ஸ்அப்புல பத்திரிகை அனுப்புனா நான் வரமாட்டேன்."
இது வரமாட்டேன் வகை. 'மை அங்கிள் ரெஃப்யூஸ்டு டு கம்.'

அத்தை: "நாங்க வசதி இல்லாதவங்கன்னுதானே எங்களை மட்டமா நினைக்கிறீங்க?"
கேள்விக்குறி இருக்கிறதே என்று 'ஆஸ்க்டு' போடாதீர்கள். அத்தை கேள்வியா கேட்கிறார்? குற்றம் சாட்டுகிறார். 'மை ஆன்ட் அக்யூஸ்டு அஸ் ஆஃப் லுக்கிங் டவுன் ஆன் தெம்.' இந்த ஒரு வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். அக்யூஸ் வந்ததால் 'ஆஃப்', ஆஃப் வந்ததால் 'லுக்கிங்', லுக் டவுன் வந்ததால் 'ஆன்'. உங்கள் புத்தகத்தின் இடது பக்கமும் வலது பக்கமும் இங்கேதான் கை கோக்கின்றன. தேர்விலும் இப்படித்தான் கேட்பார்கள்.

அப்பா: "நேர்ல வந்து கூப்பிடாதது தப்புதான்."
'மை ஃபாதர் அபாலஜைஸ்டு ஃபார் நாட் இன்வைட்டிங் தெம் இன் பெர்சன்.' 'நாட்' எங்கே நிற்கிறது பார்த்தீர்களா? இங்கேயே 'அட்மிட்டட்' போட்டால் தப்பில்லை, ஆனால் அப்பா மன்னிப்புக் கேட்டாரா, இல்லை முறைப்பாக "ஆமா, தப்புதான், இப்ப என்ன?" என்றாரா என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்ய வேண்டியவர் சொல்பவர்.

மாமா: "கிரகப்பிரவேசத்துக்கும் இப்படித்தானே பண்ணீங்க?"
'ஹீ பிராட் அப் த ஹவுஸ்வார்மிங்.' இதற்கு ரிப்போர்ட்டிங் வெர்ப்பே தேவையில்லை, பிரிங் அப் அந்த வேலையைச் செய்துவிடும். பெயர்ச்சொல்லைச் சுருக்கினால் 'ஹீ பிராட் இட் அப்'.

பாட்டி: "என் காலத்துக்குள்ள பேசி ராசியாகுங்கடா."
'கிராண்ட்மா பெக்டு தெம் டு மேக் அப்.' பாட்டி கெஞ்சினால் பெக்டு, அழுத்திச் சொன்னால் அர்ஜ்டு, அதட்டினால் ஆர்டர்டு. மூன்றுக்கும் வால் ஒன்றுதான்: ஆள், அப்புறம் 'டு'.

அக்கா: "நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."
சாதாரணமாகச் சொன்னால் 'ஆஃபர்டு டு கோ'. யாரும் வேண்டாம் என்று தடுத்தும் விடாப்பிடியாகச் சொன்னால் 'இன்சிஸ்டட் ஆன் கோயிங்'.

இதில் 'செட்' ஒன்றுகூட இல்லை. அதற்காக 'செட்' பாவம் என்று நினைக்க வேண்டாம். பத்து வாக்கியத்தில் மூன்று 'செட்' இருக்கட்டும், இல்லாவிட்டால் நீதிமன்றக் குறிப்பு மாதிரி ஆகிவிடும்.

நைட்_ஷிப்ட்

சார், இந்தக் "கேள்வியா கேட்கிறார்?" என்ற வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் வார்டில் கேட்கப்படும் கேள்விகளில் பாதி கேள்வியே இல்லை.

நான் ஒரு சந்தேகம் கேட்கிறேன். "நாளைக்கு வர்றேன்னு சொன்னான்" என்பதை என் தோழி 'ஹீ செட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதினாள். கேட்டவர் "யார் வரப்போவது, நீயா?" என்று கேட்டாராம். இது ஏன் நமக்கு எல்லோருக்கும் வருகிறது?

பழைய_வாத்தியார்

தமிழில் 'என்று' இருக்கிறதே, அது அவன் வாயில் வந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிடும். "வர்றேன்" என்பது அவன் சொன்ன சொல், நாம் கை வைப்பதில்லை. 'தட்' அப்படி அல்ல, அது வந்தாலே இப்போது எடுத்துச் சொல்கிற நம் கண்ணிலிருந்து பார்க்க வேண்டும். ஆகவே 'ஹீ செட் ஹீ வுட் கம்'. நம்மிடமும் அப்படி ஒரு வடிவம் உண்டு: "தான் வருவதாகச் சொன்னான்." பத்திரிகைத் தமிழ் அது. 'தட்' போடும்போது மனதுக்குள் "வருவதாக" என்று வைத்துக்கொண்டால் 'ஐ' வராது.

முனீஸ்

இதோ பாருங்கள், மறுபடியும் தமிழ் வழியாகச் சுற்றுகிறீர்கள். 'ஹீ ப்ராமிஸ்டு டு கம்' என்று நேராகச் சொன்னால் இந்த 'ஐ', 'ஹீ' தலைவலியே இல்லையே?

பழைய_வாத்தியார்

அதுவும் சரிதான், மறுக்கவில்லை. (இந்த மறுப்பு எது என்று கொடிவேரி சொல்லட்டும்.)

நைட்_ஷிப்ட்

ஐஇஎல்டிஎஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஸ்பீக்கிங் மொத்தமே 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார்கள், அப்புறம் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். குடும்பத்தில் உங்களுக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி, சண்டை போட்டுச் சமாதானமான ஒரு நண்பரைப் பற்றி, இப்படி எதுவும் வரலாம். 7-ஆம் பேண்டுக்கான (பேண்ட் என்றால் மதிப்பெண் நிலை) விளக்கத்தில் அதிகம் புழங்காத சொற்களும் மரபுத்தொடர்களும் சில வர வேண்டும் என்று இருக்கிறது. "சில" என்பதைக் கவனியுங்கள். கோச்சிங் சென்டரில் சொல்லித் தந்தார்கள் என்று ஒரே மூச்சில் பதினைந்து ஃப்ரேசல் வெர்ப்பை இறைப்பவர்கள் உண்டு. மனப்பாடம் என்று கேட்பவருக்குத் தெரிந்துபோகும்.

அதைவிட முக்கியம், நாம் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசும் சில சொற்கள். "அவன் என்னை ப்ரொபோஸ் பண்ணினான்" என்றால் நம் ஊரில் காதலைச் சொன்னான் என்று அர்த்தம். அங்கே 'ஹீ ப்ரொபோஸ்டு டு மீ' என்றால் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான் என்று அர்த்தம், மோதிரத்தை எங்கே என்று கேட்பார்கள். நாம் சொல்ல நினைப்பது பெரும்பாலும் 'டோல்ட் மீ ஹீ லைக்டு மீ' அல்லது 'ஆஸ்க்டு மீ அவுட்'. "ரெண்டு பேருக்கும் செட் ஆகலை" என்பது 'தே டிட்ன்ட் கெட் ஆன்'. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பது 'புட் அப் வித் இட்'. "டச் விட்டுப்போச்சு" என்பது 'வி லாஸ்ட் டச்'. "லவ் ஃபெயிலியர்" என்று ஒன்று ஆங்கிலத்தில் கிடையாது, 'தே ஸ்ப்ளிட் அப்' அல்லது 'ஷீ டர்ன்டு ஹிம் டவுன்', எது நடந்ததோ அது. "கல்யாணம் நின்னுபோச்சு" என்பதற்கு 'த வெட்டிங் வாஸ் கால்டு ஆஃப்'. நிச்சயம் முறிந்தது என்றால் 'தே ப்ரோக் ஆஃப் த எங்கேஜ்மென்ட்'.

சீரியல்_பைத்தியம்

"மேரேஜ் ஸ்டாப்டு" என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் மெயிலே அனுப்பினார். எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள், அதனால் அர்த்தம் போய்ச் சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முனீஸ்

இந்தப் பட்டியலுக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். ஒரு கேள்வி: 'கெட் ஆன் வித்'தா, 'கெட் அலாங் வித்'தா? நான் பார்க்கும் தொடர்களில் இரண்டாவதுதான் வருகிறது.

பேர்ன்_தம்பி

முதலாவது பிரித்தானிய வழக்கு, இரண்டாவது அமெரிக்காவில் அதிகம், பிரித்தானியாவிலும் விளங்கும். எங்களுக்கு ஆசிரியர் சொன்னது, எதையும் எழுதலாம், ஆனால் எழுத்துத் தாளில் ஒரே பக்கமாக நில்லுங்கள் என்று.

நைட்_ஷிப்ட்

கொடிவேரி அக்காவுக்கு நான்காம் பகுதி மாதிரி நானே ஒன்று செய்தேன்.

'ஐ வோன்ட் டாலரேட் ஹிஸ் லைஸ் எனி மோர்,' ஷீ செட்.
கொடுத்த சொல்: ரெஃப்யூஸ்டு
ஷீ ............ வித் ஹிஸ் லைஸ் எனி மோர்.

கொடிவேரி

'ரெஃப்யூஸ்டு டு புட் அப்'. நாலு சொல். சரியா? 'வித்' வெளியே இருந்ததால்தான் கண்டுபிடித்தேன்.

வாத்தியார் சார், உங்கள் அடைப்புக்குறிக் கேள்விக்கு: அது "செய்யமாட்டேன்" வகை இல்லை, "இல்லை என்று சொல்லவில்லை" அவ்வளவுதான். அதற்கு டினை என்று நினைக்கிறேன்.

இதோ நான் எழுதியது. பெயர் சொல்லாமல், சொந்தத்தில் நடந்தது. திட்டித் திருத்துங்கள்.

'மை கஸின் ஃபெல் அவுட் வித் ஹெர் ஃப்ரெண்ட் ஓவர் எ லோன். த ஃப்ரெண்ட் டினைட் தட் ஷீ டிட்ன்ட் டேக் த மனி. மை கஸின் அக்யூஸ்டு ஹெர் ஆஃப் லெட்டிங் ஹெர் டவுன். தென் ஷீ சஜெஸ்டட் மீ டு டாக் டு த ஃப்ரெண்ட். ஐ பர்ஸ்வேடட் த ஃப்ரெண்ட் டு அபாலஜைஸ், பட் ஷீ ரெஃப்யூஸ்டு. நவ் தே ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்.'

சீரியல்_பைத்தியம்

கதை சூடாக இருக்கிறது. பணம் எவ்வளவு?

பழைய_வாத்தியார்

நைட்_ஷிப்ட் கேள்விக்கு விடை சரி. டினை என்பதும் சரி.

கதைக்கு வருவோம். முதல் வாக்கியத்தில் கை வைக்க வேண்டியதில்லை. 'அக்யூஸ்டு ஹெர் ஆஃப் லெட்டிங் ஹெர் டவுன்' மிக நன்றாக வந்திருக்கிறது, இரண்டு 'ஹெர்' யார் யார் என்பது மட்டும் கொஞ்சம் மங்கல். மூன்று இடம் பார்ப்போம்.

'டினைட் தட் ஷீ டிட்ன்ட் டேக்.' தமிழில் "தான் எடுக்கவில்லை என்று மறுத்தாள்" என்று தாராளமாக எழுதுகிறோம், நாளிதழிலும் வருகிறது. ஆங்கிலத்தில் டினைக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. நீங்கள் இன்னொரு 'நாட்' போட்டதும், எடுக்கவில்லை என்பதையே அவள் மறுத்ததாக, அதாவது எடுத்தேன் என்று சொன்னதாக ஆகிவிட்டது. 'டினைட் டேக்கிங் த மனி' போதும்.

'சஜெஸ்டட் மீ டு டாக்.' இது இந்தியா முழுக்க உள்ள பழக்கம். அட்வைஸ்டு மீ டு, டோல்ட் மீ டு, ஆஸ்க்டு மீ டு எல்லாம் வரும், சஜெஸ்ட் மட்டும் அந்த வரிசையில் நிற்காது. 'சஜெஸ்டட் தட் ஐ டாக் டு ஹெர்' அல்லது 'சஜெஸ்டட் ஐ ஷுட் டாக் டு ஹெர்'. இருவரும் சேர்ந்து போவோம் என்றால் 'சஜெஸ்டட் டாக்கிங் டு ஹெர்'. இதே வீட்டுப் பிள்ளை இன்னொன்று 'எக்ஸ்ப்ளெய்ன்'. 'எக்ஸ்ப்ளெய்ன்டு மீ' கிடையாது, 'எக்ஸ்ப்ளெய்ன்டு டு மீ'.

மூன்றாவது 'பர்ஸ்வேடட்'. இது இலக்கணப் பிழை அல்ல, கதைப் பிழை. பர்ஸ்வேடட் என்றால் நீங்கள் பேசி அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டீர்கள், அவள் மன்னிப்பும் கேட்டாயிற்று. அப்புறம் எப்படி 'ரெஃப்யூஸ்டு'? "பேசிப் பார்த்தேன்" என்பதற்கு 'ட்ரைடு டு பர்ஸ்வேட்'. அல்லது 'அர்ஜ்டு', அதில் பலித்ததா இல்லையா என்பது தெரியாது.

கொடிவேரி

'ஐ ட்ரைடு டு பர்ஸ்வேட் த ஃப்ரெண்ட் டு அபாலஜைஸ், பட் ஷீ ரெஃப்யூஸ்டு.' இப்போது கதை நடந்தபடி இருக்கிறது. பணம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஐ ரெஃப்யூஸ் டு சே.

முனீஸ்

'ட்ரைடு டு'வையும் 'மேனேஜ்டு டு'வையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இதே சிக்கல் அங்கேயும் வரும். அடுத்து யாராவது த்ரெட்டன், வார்ன் இரண்டையும் வைத்து ஒரு சண்டை போடுங்கள். எங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங் கதை இருக்கிறது, வேண்டுமானால் நானே எழுதுகிறேன். தமிழிலேயே தொடங்குகிறேன், வாத்தியாருக்காக.

பழைய_வாத்தியார்

எழுதுங்கள் தம்பி. 'த்ரெட்டன்டு டு', 'வார்ன்டு ஹிம் நாட் டு'. காற்றை இறக்கிவிடுவேன் என்று யார் சொன்னார் என்பதை மட்டும் மறக்காமல் போடுங்கள்.